ஃபைப்ரோசிஸ்: பெருக்கமா, ஏற்றமா?

சித்தப்பாவின் நெஞ்சு சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டை சித்தி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். வலது நுரையீரலின் மேல் மடலில் ‘ஃபைப்ரோட்டிக் ஸ்ட்ராண்ட்ஸ்’ என்று ஒரு வரி. அந்தச் சொல்லைப் போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்திருக்கிறார், ‘நார்த்திசுப் பெருக்கம்’ என்று வந்திருக்கிறது. உடனே எனக்குப் போன். “பெருகுதுன்னு போட்டிருக்கேப்பா, அப்போ கேன்சர்தானே?” சித்தப்பாவுக்கு இருபது வருடங்களுக்கு முன்னால் டிபி வந்து, ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர். டிபி ஆறிய நுரையீரலில் இப்படி ஒரு வரி வருவது மிகச் சாதாரணம். ஆனால் ‘பெருக்கம்’ என்ற ஒரு சொல் அந்த வீட்டில் இரண்டு நாள் யாரையும் தூங்க விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மூலச் சொல்லைப் பார்ப்போம். ரிப்போர்ட்டில் இருந்த ‘ஃபைப்ரோட்டிக்’, ஃபைப்ரோசிஸ் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஃபைப்ரோசிஸ் இரண்டு மொழிகளின் ஒட்டு. முன்பாதி ‘ஃபைப்ரா’, லத்தீன். நார், இழை என்று பொருள். பழைய ரோமில் பலியிட்ட விலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்வார்கள், அந்த ஈரலின் மடல்களையும் ஃபைப்ரா என்றே சொல்லியிருக்கிறார்கள். பின்பாதி ‘ஓசிஸ்’, கிரேக்க விகுதி. ஒரு நிலைக்கு ஆளாவது, அப்படி ஆகிக்கொண்டிருப்பது என்று பொருள். சில மருத்துவச் சொற்களில் இந்த விகுதிக்குக் ‘கூடுதல்’ என்ற சாயலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் செல்கள் எண்ணிக்கையில் பெருகுவதைச் சொல்ல மருத்துவத்தில் தனிச் சொல்லே இருக்கிறது, ‘ஹைப்பர்பிளேசியா’. ஃபைப்ரோசிஸ் அது இல்லை. நாராகிப் போவது, அவ்வளவுதான் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள்.

இந்தக் குடும்பத்துச் சொற்கள் நமக்குப் புதிதல்ல. துணிக்கடையில் ஃபைபர் என்கிறோம். ரத்தம் உறையும்போது வலை பின்னும் புரதம் ஃபைப்ரின். கருப்பையில் வரும் ஃபைப்ராய்டு கட்டி பல வீடுகளில் தெரிந்த பெயர். ஈரல் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனும் அப்படித்தான். ஒன்றை மட்டும் பிரித்துவைக்க வேண்டும்: ‘சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்’ என்பது பிறவியிலேயே வரும் மரபணு நோய். 1938இல் நியூயார்க்கில் டாரதி ஆண்டர்சன் என்ற நோய்க்குறியியலாளர் அதைத் தனி நோயாக விவரித்தபோது, கணையத்தில் நீர்ப்பைகளும் நாரும் சேர்ந்து இருந்ததைப் பார்த்து வைத்த பெயர் அது. நெட்டில் ‘நுரையீரல் ஃபைப்ரோசிஸ்’ என்று தேடப்போய் அந்த நோயைப் பற்றிப் படித்துவிட்டுப் பயப்படுகிறவர்கள் உண்டு, அது வேறு, இது வேறு.

சரி, நுரையீரலுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது? நம் மொழியில் இந்த உறுப்புகளுக்கு வைத்திருக்கும் பெயர்களே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடும். கல்லீரல், மண்ணீரல், நுரையீரல். கல் போல் கெட்டியானது ஒன்று, நுரை போல் காற்றடைத்தது ஒன்று. ஆங்கிலத்தின் ‘லங்’ என்ற சொல்லுக்கும் மூலப்பொருள் லேசானது என்பதுதான், ஆனால் லேசு என்பதைவிட நுரை என்று சொன்னவன் உற்றுப் பார்த்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றும். உள்ளே 30 கோடி முதல் 50 கோடி வரை குட்டிக் காற்றறைகள், ஒவ்வொன்றின் சுவரும் ஒரு மைக்ரான்கூட இல்லாத மெல்லிய சவ்வு, அந்தப் பக்கம் ரத்தம், இந்தப் பக்கம் காற்று. நுரையின் குமிழி மாதிரியேதான். அந்தக் குமிழியின் சுவரில் காயம் பட்டால் உடம்பு அதை ஒட்டுப்போட ஆளனுப்புகிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத நாரைச் சுரந்து அடைக்கின்றன. கொலாஜன் என்ற பெயரிலேயே பசை இருக்கிறது, ‘கொல்லா’ என்றால் கிரேக்கத்தில் பசை. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. நம் தச்சர்கள் முன்பு வச்சிரம் காய்ச்சி மரத்தை ஒட்டுவார்களே, அந்தப் பசையின் மூலப்பொருள் இதே கொலாஜன்தான்.

காயம் ஆறியதும் இந்த வேலையாட்கள் கலைந்து போக வேண்டும். போகாவிட்டால்தான் ஃபைப்ரோசிஸ். 1971இல் ஜெனீவாவில் ஜூலியோ கபியானி குழுவினர், ஆறும் காயத்தில் தசைச் செல் போலச் சுருங்கும் வலு உள்ள ஒருவகை ஃபைப்ரோபிளாஸ்டை விவரித்தார்கள், மயோஃபைப்ரோபிளாஸ்ட் என்று பெயர். நாரைப் போடுவதோடு நிற்காமல் சுற்றியுள்ளதை இழுத்துச் சுருக்கவும் செய்யும். இது நுரையீரலில் தங்கிவிட்டால் குமிழிகள் இறுகிப்போகும், மூச்சை இழுத்தாலும் விரியாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் அடிப்பக்கம் வைத்தால், ஒட்டுப்பட்டையைப் பிரிக்கும்போது வருமே ஒரு சரசரப்பு, அந்தச் சத்தம் கேட்கும். டாக்டர்களே அதை வெல்க்ரோ சத்தம் என்றுதான் சொல்வார்கள்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். நார்த்திசுப் பெருக்கம், இழைமப் பெருக்கம், நாரிழை வளர்ச்சி என்றெல்லாம் எழுதுகிறார்கள். எழுதியவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. நார் என்ற சொல்லைப் பிடித்ததே பெரிய விஷயம். வாழைநார், பனைநார், தேங்காய்நார் என்று கையில் புழங்கும் சொல், சங்க காலத்திலேயே நாரால் அரித்த கள்ளை ‘நாரரி நறவு’ என்று பாடியிருக்கிறார்கள், லத்தீன் ஃபைப்ராவுக்கு இதைவிடப் பொருத்தமாக எங்கே தேடுவது? சிக்கல் இரண்டாம் பாதியில்தான். பெருக்கம், வளர்ச்சி என்ற இரண்டுமே நம் காதில் கட்டியைத்தான் நினைவூட்டுகின்றன. புற்றுநோயைப் பற்றிப் பேசும்போது ‘செல் பெருக்கம்’, ‘கட்டுப்பாடற்ற வளர்ச்சி’ என்றே முப்பது நாற்பது வருடமாகப் பத்திரிகைகளில் படித்து வந்திருக்கிறோம், அப்புறம் சித்தி வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

நான் ‘நாரேற்றம்’ என்று எழுதுகிறேன். நம் மொழியில் ‘ஏறு’ என்ற வினைக்கு ஒரு அழகான வேலை உண்டு: துருவேறிய இரும்பு, களிம்பேறிய செம்பு, முறுக்கேறிய கயிறு, தழும்பேறிய கை. இதில் எதிலும் பொருள் பெருகவில்லை. ஒன்று மெல்ல மெல்ல உள்ளே படிந்து அந்தப் பொருளின் தன்மையையே மாற்றிவிடுகிறது. ஃபைப்ரோசிஸில் நடப்பது அச்சாக இதுதான். வினையாகவும் புழங்கும், ‘நுரையீரல் நாரேறியிருக்கிறது’ என்று டாக்டர் சொன்னால் முற்றிய வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்த யாருக்கும் புரியும். ஏற்றம் என்றால் உயர்வு என்றும் கிணற்று ஏற்றம் என்றும் பொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். மின்னேற்றம் என்று பள்ளிக்கூடப் பாடத்தில் படித்தபோது யாரும் குழம்பவில்லை.

அப்படியானால் நேராகத் ‘தழும்பு’ என்றே சொல்லிவிடலாமே? பல டாக்டர்கள் நோயாளியிடம் அப்படித்தான் சொல்கிறார்கள், பேச்சுக்கு நல்ல சொல்தான். ஆனால் தழும்பு என்பது ஆறி முடிந்ததைக் குறிக்கும். நாரேற்றம் இன்னும் நடந்துகொண்டிருப்பதாகவும் இருக்கலாம். இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு நுரையீரல் புற்றுநோய் ஆராய்ச்சியிலேயே ஒரு கதை இருக்கிறது.

1939இல் ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரிஷ், நுரையீரலின் வெளி ஓரத்தில் தழும்பை ஒட்டியே புற்றுநோய் இருப்பதைப் பார்த்து எழுதினார். பழைய தழும்பிலிருந்து புற்று முளைக்கிறது என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது, ‘தழும்புப் புற்று’ என்று ஒரு வகையே பல வருடம் இருந்தது. டிபி வந்து ஆறியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பயம் என்று யோசித்துப் பாருங்கள். 1980இல் தோக்கியோவின் தேசியப் புற்றுநோய் மையத்தில் யுகியோ ஷிமோசாட்டோ என்ற நோய்க்குறியியலாளர், அறுவை செய்து எடுத்த சிறிய கட்டிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து அதைத் திருப்பிப் போட்டார். பெரும்பாலும் தழும்பு முதலில் வரவில்லை. புற்று முதலில் வந்தது, அதன் நடுவில்தான் நார் ஏறியது. அந்த நாரேற்றம் எந்த அளவுக்கு இருக்கிறது என்பதை வைத்து நோயாளி எப்படி இருப்பார் என்றே ஓரளவு சொல்ல முடிந்தது.

இதே பாதையில் 1995இல் மசயுகி நொகுச்சியும் ஷிமோசாட்டோ உள்ளிட்டவர்களும் சேர்ந்து 2 சென்டிமீட்டருக்கு மிகாத 236 நுரையீரல் கட்டிகளை வகைப்படுத்தினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கட்டியின் நடுவில் காற்றறைகள் வெறுமனே மடிந்து ஒடுங்கியிருந்தால் பி வகை; அதுவும் இல்லாத ஏ வகையும் சேர்ந்து, ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் 100 சதவீதம். அதே நடுப்பகுதியில் ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தால் சி வகை. அங்கே அது 74.8 சதவீதமாக இறங்கியது. கட்டியின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். மாறியது நடுவில் நார் ஏறிக்கொண்டிருக்கிறதா என்பது. ‘தழும்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஆய்வைத் தமிழில் சொல்லவே முடியாது.

எதிர்த்திசையும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. காரணம் தெரியாமல் இரண்டு நுரையீரலும் நாரேறிப் போகும் நோய் ஒன்று, இடியோபாத்திக் பல்மனரி ஃபைப்ரோசிஸ், சுருக்கமாக ஐபிஎஃப். அதில் ஐ என்பது இடியோபாத்திக், ‘தனக்கே உரிய நோவு’ என்று கிரேக்கத்தில் பொருள், நடைமுறையில் காரணம் தெரியவில்லை என்பதுதான். பிரிட்டனில் ஹப்பர்ட் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களுக்கு நுரையீரல் புற்று வருவது மற்றவர்களைவிட ஏழு மடங்கு அளவுக்கு இருந்தது, புகைப்பழக்கத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் அது குறையவில்லை. இங்கே நாரேற்றம் முன்னால், புற்று பின்னால். ஆனால் இது நுரையீரல் முழுவதும் பரவி வருடக்கணக்கில் நடக்கும் நோய், மேல் மடலில் இரண்டு கோடு விழுந்த பழைய டிபியோடு இதைச் சேர்த்துக் குழப்பக் கூடாது.

மருந்துக் கடையிலும் நாரேற்றமும் புற்றும் உறவுக்காரர்கள். ஜப்பானில் ஹமாவோ உமெசாவா கண்டுபிடித்த ப்ளியோமைசின் புற்றுநோய்க்குத் தரும் மருந்து, ஆனால் சிலருக்கு நுரையீரலை நாரேற்றிவிடும். அதனாலேயே ஆராய்ச்சிக்கூடத்தில் எலிகளுக்கு நாரேற்றத்தை வரவைக்க அதைத்தான் கொடுக்கிறார்கள். நின்டெடனிப் தலைகீழ். கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்கத் தேடிய மருந்து, 2014இல் அமெரிக்காவில் ஐபிஎஃப்புக்கு அனுமதி வாங்கியது, அதே வருடம் ஐரோப்பாவில் ஒருவகை நுரையீரல் புற்றுக்கும் வாங்கியது. இது நாரேற்றத்தை மெதுவாக்கும், ஏறிய நாரை இறக்காது.

புற்று என்ற சொல்லைப் பற்றி ஒன்றே ஒன்று. மேற்கில் கேன்சர் என்றால் நண்டு, கிரேக்க மருத்துவர்கள் கட்டியைச் சுற்றி நண்டு கால் பரப்பியது போல் இருப்பதைப் பார்த்து வைத்த பெயர். நம்முடையது கறையான் புற்று. உள்ளே இருந்து அரித்துக்கொண்டே வெளியே குவிக்கும் புற்று. அதற்குத்தான் பெருக்கம், வளர்ச்சி எல்லாம் பொருந்தும், அந்தச் சொற்களை அதற்கே விட்டுவிடலாம்.

சித்திக்கு இதையெல்லாம் சொல்லவில்லை. வாய்ஸ் மெசேஜில் இவ்வளவுதான் அனுப்பினேன்: “அன்னிக்கு டிபி ஆறின இடத்துல நாரேறியிருக்கு சித்தி, அதைத்தான் எழுதியிருக்காங்க. பழைய எக்ஸ்ரே எங்கயாவது இருக்கான்னு பாருங்க. இருந்தா ரெண்டையும் ஒண்ணா எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க.” பீரோ மேல் ஒரு பிரவுன் கவரில் இருந்தது. டாக்டர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு எந்த இடத்தில் கோடு இருந்ததோ அதே இடத்தில்தான் இன்றைக்கும் இருந்திருக்கிறது.