சூனியக்காரி: சொல்லின் வேரும் பொருளும், ஈடான தமிழும்

சூனியக்காரி: பெயர்ச்சொல், பெண்பால். சூனியம் + காரி. ஆண்பால் சூனியக்காரன். பேச்சில் பில்லி சூனியக்காரி என்றும் வரும்.

ஆங்கிலத்தில் 'விட்ச்' என்று வரும் இடமெல்லாம் தமிழில் கைக்கு முதலில் வருவது இந்தச் சொல்தான். தொலைக்காட்சித் தொடர்களை ஒட்டிப் பதின்ம வயதினருக்காக எழுதப்படும் மந்திர நாவல்களை எங்கள் பிள்ளைகள் நிறைய வாசிக்கிறார்கள். வாசித்துவிட்டுப் பாடசாலைச் சஞ்சிகைக்கோ வாசிகசாலைக் கூட்டத்துக்கோ கருத்து எழுதும்போது, "கதாநாயகி பதினாறு வயதுச் சூனியக்காரி. அவளும் தோழிகளும் பெண் சக்தியைக் காட்டுகிறார்கள்" என்று தொடங்குகிறார்கள். அந்த முதல் வசனத்திலேயே கதாநாயகிமேல் குற்றம் விழுந்துவிடுகிறது. அவள் யாருக்கும் கேடு செய்யாதவள் என்பதைச் சொல்ல அடுத்த இரண்டு பந்தி தேவைப்படுகிறது.

சூனியம் வடசொல். 'சூன்ய' என்பதன் தமிழ் வடிவம். முதற்பொருள் வெறுமை, இன்மை. கணக்கில் பூச்சியம். பௌத்தத்தில் சூனியவாதம் என்று ஒரு கொள்கையே உண்டு. திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் 'சூனிய சம்பாஷணை' என்றொரு பகுதி வருகிறது. அங்கே மாந்திரீகம் எதுவும் கிடையாது, மறைபொருளாகப் பேசுவதைத்தான் அந்தத் தலைப்புக் குறிக்கிறது. வெறுமையைக் குறித்த சொல் கேடு செய்யும் மந்திரத்துக்குப் பெயரானதை விளங்கிக்கொள்ள, அந்த மந்திரம் எதைச் செய்வதாக நம்பப்பட்டது என்று பார்த்தால் போதும். குடும்பம் குலையவேண்டும், தோட்டம் அழியவேண்டும், வயிறு வாய்க்கக்கூடாது. இருப்பதை இல்லாமல் ஆக்குவதுதான் அதன் வேலை. சிங்களத்தில் இதே சொல் சகரம் ஹகரமாகி 'ஹூனியம்' என்று வழங்குகிறது. பொருளும் ஏறத்தாழ இதுதான்.

யாழ்ப்பாணப் பேச்சில் சூனியத்தைவிட அதிகம் கேட்பது செய்வினை. "ஆரோ செய்வினை செய்து போட்டினம்" என்பார்கள். சூனியத்துக்கு நேரான நல்ல தமிழ் இதுதான், புதிதாக எதையும் ஆக்கத் தேவையில்லை. இதற்குள்ளேயே பிரிவுகளும் உண்டு. செப்புத் தகட்டில் இயந்திரம் (மந்திரக் கோலம்) கீறி, சுருட்டி, வாசற்படியிலோ வளவு மூலையிலோ புதைப்பது வைப்பு. பேயை ஒருவர்மேல் அனுப்புவது ஏவல். இவற்றை நீக்குவது கழிப்பு, தேசிக்காய் வெட்டிக் கழிப்பது அதில் ஒன்று. நாவூறு இந்தக் கூட்டத்தில் சேராது. அது பார்த்தவரின் கண்ணாலும் சொன்னவரின் வாயாலும் தானாகப் படுவது, எவரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. நாவல்களில் கதாநாயகி கோபத்தோடு ஒருத்தியைப் பார்த்த மாத்திரத்தில் அவளுக்குக் கெடுதி நேர்ந்தால் அது நாவூறுக்குத்தான் கிட்ட வரும். அதைச் சூனியம் வைத்தாள் என்று எழுதுவது பிழை.

செய்வினை என்றால் மூன்று பேர் வேண்டும். செய்விப்பவர், காசு வாங்கிச் செய்பவர், படுபவர். சூனியக்காரி என்ற சொல் இதில் நடு ஆளைக் குறிப்பது. ஊர்ப் பேச்சில் அந்த நடு ஆள் பெரும்பாலும் ஆண்தான், மந்திரவாதி என்பார்கள். மலையாள மந்திரவாதி என்றால் இன்னும் பயம். அப்படியிருக்க, கிழவி உருவத்தில் ஒரு சூனியக்காரி எங்கள் சிறுவர் கதைகளுக்குள் வந்து குந்தியிருப்பது ஐரோப்பியக் கதைகளின் மொழிபெயர்ப்பு வழியாகத்தான் என்பது எங்கள் கணிப்பு.

விவிலியத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. யாத்திராகமம் 22:18 "சூனியக்காரியை உயிரோடே வைக்கவேண்டாம்" என்கிறது. எபிரேய மூலத்தில் இருப்பதும் பெண்பாற் சொல்தான். ஆனால் அதே தமிழ் விவிலியம் 1 சாமுவேல் 28-ல் எந்தோர் ஊர்ப் பெண்ணைச் சூனியக்காரி என்று சொல்லவில்லை, "அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ" என்கிறது. ஆங்கில மரபில் அவளும் 'விட்ச்'தான். அஞ்சனம் பார்ப்பது என்றால் மை தடவி அதில் மறைந்ததைக் காண்பது, எங்கள் ஊரில் மை போட்டுப் பார்க்கிறது என்பார்கள். உபாகமம் 18-ல் குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன் என்று ஒவ்வொரு தொழிலும் தனித்தனியே பெயர் பெறுகிறது. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் தமிழின் இந்தப் பிரிவுகளை மதித்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இன்று நாவல் மொழிபெயர்ப்பவர்களிடம் அந்தக் கவனம் குறைவு.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு விச்சா, பெண்ணுக்கு விச்சே. பிற்காலத்தில் இரண்டும் ஒன்றாகி, பெண்ணையே பெரும்பாலும் குறிக்கும் சொல்லாயிற்று. 1692-ல் அமெரிக்காவின் சேலம் ஊரில் தொடங்கிய வழக்குகளில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 14 பேர் பெண்கள். பிரித்தானியா தன் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டத்தை 1951-ல்தான் நீக்கியது. மூன்று வருடத்தின் பின் ஜெரல்ட் கார்ட்னர் என்பவர் 'விட்ச்'களின் வழக்கத்தை ஒரு சமயமாகவே முன்வைத்து நூல் வெளியிட்டார். 1968-ல் நியூயோர்க்கில் பெண்ணுரிமைக் குழுவொன்று 'விட்ச்' என்ற சொல்லையே தன் பெயராகச் சூடிக்கொண்டது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் மந்திரம் தெரிந்த இளம்பெண்கள் கதாநாயகிகளாக வந்தபோது, வசைச்சொல்லாக இருந்தது பெருமைப்பெயராக மாறத் தொடங்கி முப்பது வருடம் ஆகியிருந்தது. சூனியக்காரி என்ற தமிழ்ச்சொல் அந்த வழியில் போகவில்லை. அது இன்றைக்கும் வசைதான். ஆங்கிலச் சொல்லின் பிந்திய பொருளுக்கு நாங்கள் அதன் முந்திய பொருளைப் போட்டு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம்.

கட்டுவிச்சி என்ற பழந்தமிழ்ச் சொல்லிலிருந்தே 'விட்ச்' பிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல் ஜேர்மானிய மொழிக் குடும்பத்துக்கு உரியது. கட்டுவிச்சியில் பொருளைத் தாங்கும் பகுதி முன்னால் நிற்கும் 'கட்டு'. கட்டு என்பது குறி. மகள் மெலிந்துபோகிறாள் என்று தாய் கவலைப்படும்போது கட்டுவிச்சியை அழைப்பார்கள். சுளகில் நெல்லைப் பரப்பி, நான்கு நான்காக எண்ணி ஒதுக்கி, எஞ்சுவது ஒன்றோ இரண்டோ மூன்றோ ஆனால் முருகு அணங்கியது (முருகன் வருத்துகிறான்) என்பாள், நான்காக அமைந்தால் வேறு நோய் என்பாள். உரையாசிரியர்கள் தரும் முறை இது. குறுந்தொகை 23-ல் ஔவையார் "அகவன் மகளே" என்று விளிப்பது இப்படிக் குறி சொல்லும் ஒருத்தியைத்தான். தலைவியின் காதலன் ஊர் மலையைப் பாடு என்று தோழி அவளிடம் கேட்பதில் எவ்வளவு உரிமை இருக்கிறது! பயமோ அருவருப்போ அங்கே இல்லை.

பழைய தமிழில் மேலுலக ஆற்றலோடு தொடர்புடைய பெண்ணுக்குப் பெயர் பல. மலையிலும் சுனையிலும் உறைந்து வருத்தும் தெய்வப்பெண் சூர்மகள், சூரரமகள். தெய்வம் ஏறப்பெற்றுப் பேசுபவள் சாலினி, தேவராட்டி. சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் குலத்துச் சாலினி தெய்வம் உற்று ஆடுகிறாள். இன்றைக்கு "அவவுக்கு உரு வந்திட்டுது" என்று சொல்வதும் அதைத்தான். இறந்தவரின் ஆவி கதாநாயகிக்குள் புகுந்து பேசும் நாவல்களுக்கு இந்தச் சொற்கள் அளவெடுத்தது போல் பொருந்தும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விட இந்த வகை நாவலுக்கு மிகக் கிட்ட நிற்பவள் மணிமேகலை. இளம்பெண். ஏற்கெனவே பெயர்பெற்ற ஒரு கதையின் தொடர்ச்சியில் அதன் நாயகனுடைய மகள் நாயகியாகிறாள். மணிமேகலா தெய்வம் அவளை மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்கிறது. அந்தத் தீவு எங்கள் நயினாதீவுதான் என்று கொள்வோர் உண்டு. அங்கே தெய்வம் அவளுக்கு மூன்று மந்திரம் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியைப் போக்க ஒன்று. இவை வெறும் அலங்காரமாக நின்றுவிடுவதில்லை. இளவரசன் உதயகுமரன் துரத்தும்போது காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். அரசி அவளைக் கெடுக்க ஓர் இளைஞனை அனுப்பியபோது ஆண் உருவம் கொள்கிறாள். புழுக்கறையில் உணவின்றி அடைத்தபோது பசி மந்திரத்தால் வாடாமல் இருக்கிறாள். இந்த இடங்களில் மந்திரம் அவளை அடக்க வந்த ஒரு கைக்கு எதிராக வேலை செய்கிறது. சாத்தனார் அவளைச் சூனியக்காரி என்று எங்கும் சொல்லவில்லை. இத்தகைய வித்தைக்கு அந்நூலில் வழங்கும் சொல் விஞ்சை, அது உடைய குலத்தார் விஞ்சையர். விஞ்சையும் வடமொழி 'வித்யா' வழி வந்ததே, ஆனாலும் அதில் கேட்டின் வாடை இல்லை.

அப்படியானால் எதை எழுதுவது? மந்திரக்காரி என்று பலர் எழுதுகிறார்கள். பொருள் சரி. இடறுவது 'காரி' என்ற ஈறு. யாழ்ப்பாணத்தில் மீன்காரி, பால்காரி என்போம், ரீச்சர்காரி என்றோ டொக்டர்காரி என்றோ சொல்லமாட்டோம். அந்த ஈறு வந்தாலே மரியாதை ஒரு படி இறங்கிவிடுகிறது. மாயக்காரி இன்னும் மோசம், ஏமாற்றுக்காரி என்றே விளங்கும். தொல்காப்பியச் செய்யுளியல் மந்திரத்தை "நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி" என்கிறது. அதைக்கொண்டு மறைமொழியாள் என்று ஆக்கலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் பதினான்கு வயது வாசகிக்கு அடிக்குறிப்புப் போட்டுத்தான் விளக்கவேண்டும்.

நாங்கள் பரிந்துரைப்பது மந்திரமகள். அகவன்மகள், சூர்மகள், பேய்மகள் என்று மொழியில் ஏற்கெனவே இருக்கும் வார்ப்பு அது. வாசித்தவுடன் விளங்கும், இளவயதுக்கும் பொருந்தும், நல்லவள் கெட்டவள் என்று முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாது. பேச்சுநடையில் எழுதுபவர்கள் "மந்திரம் தெரிஞ்சவ" என்று எழுதலாம், அதற்கு மேலான தமிழ் வேண்டியதில்லை. கதையில் உண்மையிலேயே காசுக்கோ பகைக்கோ பிறரைக் கெடுப்பவள் வந்தால் அவளுக்குச் சூனியக்காரி என்ற பெயரைக் கொடுங்கள். அப்போது இரண்டு பெயருக்கும் இடையிலான வேறுபாடே கதையின் மோதலைக் காட்டிவிடும்.

பெண் சக்தி என்ற தொடரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'பவர்' என்ற ஆங்கிலச் சொல் மந்திர ஆற்றலையும் அதிகாரத்தையும் ஒருசேரக் குறிக்கும், நாவல்கள் அந்த இரட்டைப் பொருளை வைத்துத்தான் ஓடுகின்றன. தமிழில் சக்தி என்றால் அம்மன் வந்து முன்னால் நின்றுவிடுவார். மந்திரத்தைச் சொல்லும் இடத்தில் ஆற்றல் என்றும், யார் தீர்மானிப்பது என்பதைச் சொல்லும் இடத்தில் அதிகாரம் என்றும் பிரித்து எழுதினால் கருத்துத் தெளிவாகும். முதலில் காட்டிய வசனத்தை இப்படித் திருத்தலாம்: "பதினாறு வயதில் தன் மந்திர ஆற்றலை அறிந்துகொள்ளும் பெண்ணின் கதை. அந்த ஆற்றலை எப்போது பயன்படுத்துவது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அவளும் தோழிகளும் எவரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை."

இந்த நாவல்களைப் பற்றி வாசகர்கள் சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி வருகின்றன. ஒன்று, முடிவில் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது என்பது. அதற்குக் காரணம் எழுத்தாளரின் திறமையின்மை அல்ல. தொடரின் உரிமையாளர் ஒப்புதல் இல்லாமல் இத்தகைய நாவல் வெளிவராது. திரையில் தொடரவேண்டிய பாத்திரத்தைச் சாகடிக்கவோ கட்டிக்கொடுக்கவோ நாவலாசிரியருக்குப் பொதுவாக இடமில்லை. ஒளிபரப்பான அத்தியாயத்தையே நாவலாக்கியதா, புதுக்கதையா என்று கருத்தின் முதல் வரியில் குறித்துவிட்டால் வாசகர் எதிர்பார்ப்பும் சரியாக அமையும். முன்னதைத் திரைவழி நாவல் என்றும் பின்னதைத் தொடரையொட்டிய நாவல் என்றும் சொல்லலாம்.

மற்றது, மந்திரம் மிகச் சுலபமாகப் பலிக்கிறது என்பது. ஏட்டைத் திறந்து ஒருமுறை வாசித்தால் கதவு திறந்துவிடுகிறது. எங்கள் மரபில் மந்திரம் தெரிந்தால் மட்டும் போதாது, உரு ஏற்றவேண்டும். 108, 1008, இலட்சம் என்று எண்ணிச் சொல்லி, விரதம் காத்து, இடையில் பிசகினால் திரும்பத் தொடங்கவேண்டும். அந்த உழைப்பு இல்லாத மந்திரம் எங்கள் வாசகருக்கு இலேசாகத் தோன்றுவது இயல்பே. மந்திரம் சொன்னாள், மந்திரம் உரு ஏற்றினாள், மந்திரம் பலித்தது என்ற மூன்றையும் கலக்காமல் எழுதுங்கள், ஆசிரியர் எந்தப் படியைத் தாண்டிவிட்டார் என்பது அப்போது தெரியவரும்.

தோழிகள் சேர்ந்து மந்திரம் செய்யும் குழுவுக்கு மந்திர வட்டம் போதும். ஆண் பாத்திரம் வந்தால் மந்திரவாதி என்ற பழகிய சொல்லே இருக்கட்டும். மந்திரமகளுக்கு ஈடாக மந்திரமகன் என்று ஆக்கினால் அரசகுமாரன் கதை போல ஒலிக்கும்.