எழுதி முடிக்காத வரியும் உறங்க மறுக்கும் உடலும்

பிள்ளைகள் உறங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு எழுத உட்காருகிறவர்களுக்கு இந்த நிலை பழக்கமானது. உடல் களைத்துக் கிடக்கும். விளக்கை அணைத்துப் படுத்தாலோ உறக்கம் வராது. மறுநாள் காலையில் வழிபாட்டுக்கு நிற்கும்போது நாவு துதியைச் சொல்லிக்கொண்டிருக்க, மனம் முந்தைய இரவு பாதியில் விட்ட பத்தியைத் திருத்திக்கொண்டிருக்கும். இப்படி மாதங்கள் நீளும்போது, தமக்குப் பக்தி குறைந்துவிட்டது, பொறுப்புணர்ச்சி போய்விட்டது என்று தம்மையே நொந்துகொள்வோர் பலர். அவர்கள் தம் உடலுக்குள் நடப்பதை அறிந்துகொண்டால் அந்தக் குற்றவுணர்ச்சி பெருமளவு குறையும் என்று நம்புகிறேன்.

நியூயார்க்கின் இலவச மருத்துவ நிலையம் ஒன்றில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு தொண்டுக்கு வந்தவர்களே விரைவில் வற்றிப்போவதைக் கண்டு, 1974-இல் அந்நிலையைப் ‘பர்ன்அவுட்’ என்று குறித்தார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் அதை அளக்கும் வினாநிரலை வெளியிட்டு, உணர்ச்சி வறட்சி, பிறரிடம் ஒட்டாமை, எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்று கூறுகளைக் காட்டினர். 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் பணியிடம் சார்ந்த நிகழ்வாக மட்டுமே வரையறுத்தது. சம்பளமின்றி வீட்டைத் தாங்குகிறவரும் நள்ளிரவில் நாவல் எழுதுகிறவரும் அந்த வரையறைக்குள் வருவதில்லை என்பது எனக்கு வருத்தமே. ஆனால் பெல்ஜியத்தைச் சேர்ந்த இசபெல் ரோஸ்காமும் மொய்ரா மிகோலாய்சாக்கும் பெற்றோரின் சோர்வைத் தனியாகவே ஆராய்ந்து, குழந்தை வளர்ப்பிலும் மனிதர் இவ்வாறு வற்றிப்போவதுண்டு எனக் காட்டியுள்ளனர்.

நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும் அதன் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்கும், பிட்யூட்டரி சிறுநீரகங்களின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி அனுப்ப, நெருக்கடியைச் சமாளிக்க உதவும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. விழித்தெழுந்த அரை மணி நேரத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்குள் உச்சம் தொட்டு, இரவுக்குள் தாழ்ந்துவிடுவது அதன் இயல்பு. போதிய அளவு சுரந்ததும் கார்ட்டிசாலே மூளைக்குத் திரும்பிச் சென்று தன் சுரப்பை நிறுத்தச் சொல்லும். நெருக்கடி ஓய்வின்றித் தொடர்ந்தால் இந்த ஏற்ற இறக்கம் குலைகிறது. உடலில் இவ்வாறு சேரும் தேய்மானத்துக்கு 1993-இல் புரூஸ் மெக்ஈவனும் எலியட் ஸ்டெல்லாரும் ‘அலோஸ்டேட்டிக் சுமை’ என்று பெயரிட்டனர். திட்டமிடவும் சினத்தை அடக்கவும் சொற்களைத் தேர்ந்தெடுக்கவும் உதவும், மூளையின் முன்பகுதியான முன்னெற்றிப் புறணி, நெருக்கடியில் முதலில் தளரும் பகுதிகளுள் ஒன்று. எழுத்து வராத அதே நாளில் குழந்தையிடமும் எரிந்து விழுவதற்கு இதுவே காரணமாகலாம்.

குடும்பம், வழிபாடு, எழுத்து என மூன்று இருப்பதைவிட, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது முந்தையது மூடப்படாமல் இருப்பதே உடலைப் பெரிதும் தேய்க்கிறது என்று கருதுகிறேன். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுவதை 2009-இல் ஆய்வாளர் சோஃபி லெராய் சோதனைகளில் காட்டினார். அதைப் போக்க வேலையை முடித்தே தீர வேண்டும் என்பதில்லை. எப்போது, எங்கே, எப்படித் தொடர்வது என்று திட்டம் வகுத்துவிட்டாலே மனம் அதை விட்டுவிடுகிறது என்று 2011-இல் உளவியலாளர்கள் மாசிகாம்போவும் பாமைஸ்டரும் கண்டனர். 2018-இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் செய்த ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் மறுநாள் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கினர். ஆகவே எழுத்தாளர் மடிக்கணினியை மூடுமுன் அடுத்த காட்சி எங்கே தொடங்குகிறது என்று இரண்டு வரி குறித்து வைப்பது, உறக்கத்துக்கான முன்னேற்பாடும் ஆகிறது.

வழிபாட்டுக்கும் உடலியல் சார்ந்த ஓர் ஆற்றல் உண்டு. லூசியானோ பெர்னார்டியும் உடனாய்வாளர்களும் 23 பேரிடம் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், லத்தீன் மொழியில் ஜெபமாலை சொன்னபோதும் மந்திரம் ஓதியபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இரத்த அழுத்தத்துக்கேற்ப இதயத் துடிப்பைச் சீராக்கும் அனிச்சைச் செயலும் வலுப்பெற்றது. ஒரு மூச்சில் சொல்லி முடியும் நீளமான வரிகளை நிதானமாக ஓதுவதே இதன் அடிப்படை என்பதால், கடிகாரத்தைப் பார்த்தபடி நூறு வரிகளை விரைந்து முடிப்பதைவிட, பத்து வரிகளை மூச்சளந்து சொல்வதே களைத்த உடலுக்கு நல்லது. கடமைப் பட்டியலின் மற்றோர் இனமாகிவிட்ட வழிபாட்டில் இந்த ஓய்வு கிடைப்பது அரிது.

குடும்பத்தாரிடம் ஒளித்து எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓய்வு நேரத்தில் எதை, எப்போது செய்வது என்பது தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் களைப்பிலிருந்து மீள உதவுவதாக உளவியலாளர் சபீன் சொன்னென்டாக் முதலானோரின் ஆய்வுகள் சொல்கின்றன. வீட்டாரோடு பேசி ஒதுக்கிய 40 நிமிடம் அந்த உணர்வைத் தரும், திருடிய இரண்டு மணி நேரம் தராது. இவையெல்லாம் செய்தும் உறக்கமின்மையும் களைப்பும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வு நோயும் இதே அறிகுறிகளோடு வரக்கூடியவை, அவற்றுக்குச் சிகிச்சையும் உண்டு.