இம்பாக்ட் ஃபாக்டர்: தாக்கக் காரணியா, மேற்கோள் சராசரியா?

புதிதாகத் தொடங்கிய மருத்துவ ஆய்விதழுக்குக் கட்டுரை கேட்கும் பதிப்பாசிரியரிடம் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "உங்கள் இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் எவ்வளவு?" என்பதுதான். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் எண் அது.

இம்பாக்ட் என்பது முட்டுதல், மோதுதல் என்னும் பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஃபாக்டர், லத்தீனில் 'செய்பவர்'. இவ்விரண்டையும் இணைத்து 1955இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியவர் அமெரிக்கத் தகவலியலாளர் யூஜின் கார்ஃபீல்ட். பின்னர், 1960களின் தொடக்கத்தில், மேற்கோள் அட்டவணைக்கு, அதாவது எந்தக் கட்டுரையை எவை மேற்கோள் காட்டின என்ற பட்டியலுக்கு, இதழ்களைத் தேர்ந்தெடுப்பதற்காக அவரும் அவருடன் பணியாற்றிய இர்விங் ஷெரும் இந்த எண்ணை உருவாக்கினார்கள். மொத்த மேற்கோள்களை மட்டும் பார்த்தால் பெரிய இதழ்களே தேறும். சிறியவை எவ்வளவு முக்கியமானவையாக இருந்தாலும் விடுபட்டுப்போகும். அதனால்தான் மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தார்கள். சிறிய இதழ்களைக் காக்க வந்த எண் இன்று அவற்றையே வாசலில் நிறுத்துவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

கணக்கு எளிது. ஓர் இதழ் 2022, 2023 ஆண்டுகளில் 80 ஆய்வுக் கட்டுரைகளும் மீளாய்வுகளும் வெளியிட்டு, அவ்விரு ஆண்டுகளின் வெளியீடுகள் 2024இல் 120 முறை மேற்கோள் காட்டப்பட்டால் எண் 1.5.

முந்தைய ஆண்டுகளின் கட்டுரைகள் இல்லாமல் இதைக் கணக்கிட முடியாது. அட்டவணையில் இடமும் கிடைத்திருக்க வேண்டும். அதுவரை, பதவி உயர்வுக்கு இந்த எண்ணைக் காட்ட வேண்டிய மருத்துவர்கள் தங்கள் சிறந்த ஆய்வுகளை வேறு இதழ்களுக்கே அனுப்புகிறார்கள். இளம் இதழுக்கு வருபவற்றில் தனி நோயாளி பற்றிய அறிக்கைகள் அதிகம். மருத்துவருக்குப் பயன்படும், ஆனால் மேற்கோள் குறைவு. அவற்றை மறுத்தால் எண் உயரலாம், இதழோ மெலியும். குழந்தைகளுக்கான மூட்டு நோயியல் போன்ற சிறிய துறையில் மேற்கோள் காட்டுவோரே சிலர்தான். மறுபுறம், பலரும் எடுத்தாளும் ஒரே ஒரு சிகிச்சை வழிகாட்டி சிறிய இதழின் எண்ணை இரட்டிப்பாக்கிவிடும். தனிக் கட்டுரையின் தரத்தை இதழின் எண்ணால் அளக்கக் கூடாது என்று ஆய்வு மதிப்பீடு குறித்து 2012இல் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்துவது நியாயமே.

தமிழில் 'தாக்கக் காரணி' என்று எழுதுகிறார்கள். கணிதத்தில் காரணி என்றால் மீதியின்றி வகுக்கும் எண்; மருத்துவத்தில் நோய்க்கு வழிவகுப்பது. இந்த எண் இரண்டும் அல்ல, வெறும் சராசரி. 'மேற்கோள் சராசரி' என்பதே சரியான பெயர். பழகிய சொல்லை ஒருமுறை அருகில் தந்துவிட்டு, பிறகு இந்தப் பெயரையே எழுதலாம்.