வெளிச்சம் தாண்டலாம், மின்சாரம் தாண்டக் கூடாது

இரண்டு கருவிகளுக்கு நடுவே சீரியல் லைனில் டேட்டா அனுப்ப டிஎக்ஸ் (அனுப்புவது), ஆர்எக்ஸ் (வாங்குவது), கிரவுண்ட் என்று மூன்று ஒயர் இழுக்கும்போது, இரண்டு கருவிகளின் கிரவுண்டும் ஒரே வோல்டேஜில் இருக்கிறது என்று நம்பிக்கொள்கிறோம். ஒரு கருவி மோட்டார் பேனலுக்குள்ளும் இன்னொன்று மேசைமேலும் இருந்தால் அது பொய்த்துவிடும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே சில வோல்ட் வித்தியாசம் வந்து, கரண்ட் நம் ஒயரில் பாயும். டேட்டா குழம்பும், சில சமயம் ஐசியே போய்விடும்.

இதற்குத்தான் ஆப்டோகப்ளர். ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி, எதிரே போட்டோ டிரான்சிஸ்டர். நடுவில் ஒளி மட்டுமே போகும். இசைக் கீபோர்டுகளை இணைக்க 1983இல் வந்த மிடி இணைப்பில், வாங்கும் பக்கத்தில் இது கட்டாயம். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் கேட்கும்.

பிசி817 என்ற மலிவான ஆப்டோகப்ளரை 5 வோல்ட் சீரியல் லைனில் இப்படிப் போடலாம். 1ஆம் காலுக்கு 5 வோல்ட் சப்ளையிலிருந்து 680 ஓம் ரெசிஸ்டர். 2ஆம் கால் டிஎக்ஸுக்கு. எல்இடியில் 1.2 வோல்ட் போக, சுமார் 5.5 மில்லி ஆம்பியர் ஓடும். மறுபக்கம் 3ஆம் கால் வாங்கும் கருவியின் கிரவுண்டுக்கு. 4ஆம் கால் ஆர்எக்ஸுக்கு, அங்கேயே வாங்கும் பக்க சப்ளையிலிருந்து 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் (புல்-அப்). சீரியல் லைன் சும்மா இருக்கும்போது உயர்நிலையில் நிற்பதால் எல்இடி அணைந்தே இருக்கும். சிக்னல் தலைகீழாகாது, எல்இடியும் சீக்கிரம் மங்காது.

விநாடிக்கு 2400 பிட் வேகத்தில் பிரச்சினையே வராது. 9600இல் தடுமாறலாம், 115200இல் குப்பைதான் வரும். எல்இடி எரிந்ததும் டிரான்சிஸ்டர் சட்டென்று ஆன் ஆகிவிடுகிறது. அணைந்த பிறகு பேஸில் தேங்கிய சார்ஜ் வடிய பல பத்து மைக்ரோ விநாடி ஆகும். 115200இல் ஒரு பிட்டே 8.7 மைக்ரோ விநாடிதான். புல்-அப்பை 1 கிலோ ஓமாகக் குறைத்தால் கொஞ்சம் வேகம் கிடைக்கும். ஆனால் கலெக்டரில் (4ஆம் காலில்) 5 மில்லி ஆம்பியர் ஓட வேண்டுமே! கடையில் பிசி817 என்று மட்டும் கேட்காமல், கரண்ட் விகிதம் (எல்இடி கரண்டில் எத்தனை சதவீதம் கலெக்டரில் ஓடும் என்பது) 200 சதவீதத்துக்குக் குறையாத 'சி' ரகம் கேளுங்கள்.

அதற்கும் மேல் வேகம் வேண்டுமென்றால் மல்லுக்கட்ட வேண்டாம், 6என்137 என்ற வேகமான ஆப்டோகப்ளருக்கு மாறிவிடலாம். விநாடிக்கு 1 கோடி பிட் வரை போகும். எல்இடிக்கு 470 ஓம், 6ஆம் காலில் 1 கிலோ ஓம் புல்-அப். 8ஆம், 5ஆம் கால்களுக்கு நடுவே 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரை ஒட்டியே வையுங்கள். அதை விட்டால் அவுட்புட் ஆட்டம் போடும்.

இவ்வளவும் செய்துவிட்டு இரு பக்கத்துக்கும் ஒரே அடாப்டரில் சப்ளை கொடுப்பவர்கள் ஏராளம். கிரவுண்டுகள் அங்கேயே கைகோத்துவிடும். வாங்கும் பக்கத்துக்குத் தனி சப்ளை, அல்லது தனிமைப்படுத்திய டிசி-டிசி கன்வர்ட்டர் வேண்டும். பவரை நிறுத்திவிட்டு, எல்லாக் கேபிளும் மாட்டியபடியே இரண்டு கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை கன்டினியூட்டியில் வையுங்கள். பீப் அடித்தால் கிரவுண்டுகள் எங்கோ சேர்ந்திருக்கின்றன, முதலில் லேப்டாப்பின் யூஎஸ்பி கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்.