கேசினோ கார்டு உங்க தோல்விய முன்கூட்டியே கணக்கு போடுற விதம்

"கேசினோல மெம்பர் கார்ட சொருகிட்டு ஆடுனா மெஷின் டைட் ஆகி குறைவா குடுக்கும்னு சொல்றாங்களே, நிஜமா? கார்டுல பாயிண்ட் நிறைய சேக்க வழி இருக்கா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதல் கேள்விக்கு பதில் இல்லைங்கிறதுதான். ஸ்லாட் மெஷினுக்குள்ள இருக்கற ரேண்டம் நம்பர் ஜெனரேட்டர் யாரும் ஆடாதப்பவும் நம்பர உருட்டிக்கிட்டேதான் இருக்கும், நீங்க பட்டன அமுக்குற நொடியில எது வந்துச்சோ அதுதான் ரிசல்ட்டு. கார்டு ரீடர் அதுல கை வைக்கிறதில்ல, யாரு ஆடுறாங்க, எவ்ளோ பந்தயம் போகுது, எவ்ளோ நேரம்னு குறிச்சு தனியா ஒரு சிஸ்டத்துக்கு அனுப்பும், அவ்ளோதான். கார்ட வெளிய எடுத்ததும் ஜாக்பாட் அடிச்சுதுன்னு சத்தியம் பண்றவங்க, கார்டு உள்ள இருந்தப்ப அடிச்சத மறந்துடுறாங்க. எல்லா மூடநம்பிக்கையும் இப்படித்தான் உயிரோட இருக்கு, ஒத்துவந்தத மட்டும் எண்ணி எண்ணி.

ரெண்டாவது கேள்விதான் எனக்கு ரொம்ப புடிச்சது. ஏன்னா அந்த கார்டு நீங்க நிஜமா எவ்ளோ தோத்தீங்கன்னு பெருசா கண்டுக்கறதே இல்ல! நீங்க எவ்ளோ தோத்திருக்கணும்னு ஒரு கணக்கு போடுது, அதுக்குத்தான் பரிசு. அந்தக் கணக்குக்கு கேசினோ ஆளுங்க வெச்சிருக்கற பேரு தியோ. சராசரி பந்தயம், மணிக்கு எத்தன ஆட்டம், எத்தன மணி நேரம், அந்த ஆட்டத்துல கேசினோவுக்கு இருக்கற சாதக சதவீதம், நாலையும் பெருக்குனா தியோ வந்துடும்.

சுத்துற சக்கரத்துல பந்து எந்தக் குழியில விழும்னு பந்தயம் கட்டுற அமெரிக்கன் ரூலெட்ட எடுத்துக்குவோம். மொத்தம் 38 குழி, 18 சிவப்பு, 18 கருப்பு, ரெண்டு பச்சை. நீங்க சிவப்புல வெச்சா 18 வாட்டி ஜெயிப்பீங்க, 20 வாட்டி தோப்பீங்க, அந்த ரெண்டு வித்தியாசத்த 38ஆல வகுத்தா 5.26 சதவீதம். மணிக்கு 40 சுத்துன்னு 4 மணி நேரம், ஒவ்வொரு தடவையும் 10 டாலர் வெச்சீங்கன்னா மொத்தம் 1,600 டாலர் பந்தயம், தியோ 84 டாலர்.

ஆனா அன்னைக்கு ராத்திரி நீங்க சரியா 84 டாலர் தோத்துட்டு போவீங்களா? மாட்டீங்க. 160 சுத்துல அதிர்ஷ்டத்தோட ஆட்டம், ஸ்டாண்டர்ட் டீவியேஷன்னு ஸ்கூல்ல படிச்சோமே அது, சுமார் 126 டாலர் வருது, அதாவது தோக்க வேண்டியத விட ஏத்த இறக்கம் பெருசு, அதனால 40 டாலர் ஜெயிச்சுட்டும் போகலாம், 200 தோத்துட்டும் போகலாம், ரெண்டுமே சாதாரணம். இப்ப உங்கள மாதிரியே 100 பேர் தனித்தனியா ஆடுறாங்கன்னு வெச்சுக்கோங்க. எதிர்பாக்குற தோல்வி 100 மடங்காகி 8,400 டாலர் ஆகிடும், ஆனா ஏத்த இறக்கம் வெறும் 10 மடங்குதான் ஏறும், 1,260 டாலர். ஒன்னு எண்ணிக்கையோட நேரா வளருது, இன்னொன்னு எண்ணிக்கையோட வர்க்கமூலத்தோட வளருது, இந்த ஒரு வித்தியாசத்துலதான் மொத்த கேசினோ தொழிலும் நிக்குது. ஆட்டம் கூடக்கூட சராசரி கணக்குக்கு நெருங்கி வரும்னு சொல்ற பேரெண் விதிக்கு பின்னாடி இருக்கறது இதுதான், அந்த விதியோட நிரூபணம் கணித மேதை ஜேக்கப் பெர்னூலியோட புத்தகத்துல 1713ல வெளிவந்துச்சு, எனக்கு இத எத்தன தடவ பாத்தாலும் அலுக்கல. ஒரு ஆளுக்கு அதிர்ஷ்டமா தெரியறது கேசினோவுக்கு கிட்டத்தட்ட சம்பளம். அதனாலதான் ஒரு ராத்திரில நீங்க ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு பெருசா எடுத்துக்காம தியோவ வெச்சு பரிசு குடுக்குறாங்க.

பரிசு எவ்ளோ? தியோவுல ஒரு பங்குதான், 30 சதவீதம்னு ஒரு பேச்சுக்கு வெச்சா நம்ம ரூலெட் ஆளுக்கு 25 டாலர், அதுவும் சாப்பாடாவோ ரூமாவோ. பாயிண்ட்ட மட்டும் பாத்தா ஸ்லாட்டுல இன்னும் மோசம். சீசர்ஸ்ங்கற அமெரிக்க கேசினோ கம்பெனியோட கார்டு திட்டமான சீசர்ஸ் ரிவார்ட்ஸ்ல 5 டாலர் பந்தயத்துக்கு 1 கிரெடிட், 100 கிரெடிட் 1 டாலர், அதாவது 0.2 சதவீதம். மெஷின் 8 சதவீதம் புடிக்குதுன்னா 1,000 டாலர் ஓட்டி 80 தோத்து 2 டாலர் வாங்குறீங்க. அதுல கூடுதல் சலுகை கிடைக்கற டைமண்ட் லெவலுக்கு ஒரு வருஷத்துல 15,000 கிரெடிட் வேணும், போனஸ ஒதுக்கிட்டு பாத்தா 75,000 டாலர் பந்தயம், எதிர்பாக்குற தோல்வி 6,000 டாலர். "இன்னும் கொஞ்சம்தான், டைமண்ட் வந்துடும்"னு துரத்துறவங்கள பாத்தா எனக்கு நிஜமாவே கவலையா இருக்கு. 2006ல நூன்ஸ், ட்ரெஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கார் கழுவுற கடைல ஒரு சோதனை வெளியிட்டாங்க, இலவசமா ஒரு தடவ கழுவ 8 முத்திரை வேணும்னு வெறும் கார்டு சிலருக்கு, 10 வேணும் ஆனா 2 ஏற்கனவே குத்தியாச்சுன்னு சிலருக்கு, வேலை ரெண்டுலயும் ஒன்னுதான், முடிச்சவங்க வெறும் கார்டுல 19 சதவீதம், முத்திரை குத்துன கார்டுல 34 சதவீதம். கொஞ்ச தூரம் வந்துட்டோம்னு தோணுனாலே கால் தானா வேகமாகும். சூதாட்டம் ஆளுங்கள எப்படி இழுக்குதுன்னு பாக்குற ஆராய்ச்சிக்கு சூதாட்ட கம்பெனி இஷ்டப்பட்டு குடுக்கற நன்கொடைய நம்பி இருக்கக்கூடாதுங்கறது என் உறுதியான கருத்து, பிரிட்டன்ல 2025 ஏப்ரல்ல இருந்து கட்டாய வரியாவே வசூலிச்சு அதுல ஒரு பங்க ஆராய்ச்சிக்கு ஒதுக்குறாங்க, மத்த நாடுகளும் செய்யணும்.

சரி, கார்டுல நல்லா எடுக்க வழியே இல்லையா? ஒன்னு இருக்கு, அது தியோவுக்கும் உங்க உண்மையான தோல்விக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. பிளாக்ஜாக்ங்கற சீட்டாட்டத்துல, எந்த கைக்கு எது சரின்னு கணக்கு போட்டு வெச்ச அடிப்படை உத்திய பிசகாம ஆடுனா, விதிகள் நல்லா இருக்கற மேஜையில கேசினோ சாதகம் சுமார் 0.5 சதவீதம்தான். ஆனா மேஜைல நிறைய பேர் தப்புத்தப்பா ஆடுவாங்க, அதனால ஒரு கேசினோ எல்லாருக்கும் பொதுவா 2 சதவீதம்னு கணக்கு வெச்சிருக்குன்னு எடுத்துக்கோங்க. 10 டாலர், மணிக்கு 70 ஆட்டம், 4 மணி நேரம்னா தியோ 56 டாலர், 30 சதவீத பரிசு கிட்டத்தட்ட 17 டாலர், உங்க உண்மையான எதிர்பார்ப்பு தோல்வியோ 14தான்! மேஜை நிறைஞ்சிருந்தா ஆட்டம் மெதுவா 50தான் நடக்கும், அப்ப 10 டாலராவே குறையும், கேசினோ உங்க பேருக்கு எழுதி வெக்கற கணக்குல பழையபடி 70ன்னே இருந்தா இடைவெளி இன்னும் பெருசு. ஆனா ஏத்த இறக்கம் 190 டாலர் பக்கம் இருக்குங்கறத மறக்கக்கூடாது, 17 டாலர் சாப்பாட்டுக்காக உக்காற ஆட்டம் இல்ல இது, எப்படியும் ஆடப்போறவங்களுக்கான கணக்கு. முதல் ரெண்டு சீட்டுலயே 21 வந்து பிளாக்ஜாக் அடிச்சா, 2 டாலர் பந்தயத்துக்கு 3 டாலர் குடுக்காம 5 டாலருக்கு 6 டாலர் குடுக்குற மேஜையா இருந்தா எழுந்துடுங்க, சாதகம் இன்னும் 1.4 சதவீதம் அவங்க பக்கம் ஏறி மேல சொன்னதெல்லாம் காணாம போயிடும்.

இன்னொன்னு, வீட்டுக்கு வர்ற ரூம் ஆஃபர் எல்லாம் பெரும்பாலும் ஒரு நாளைக்கு சராசரி தியோ எவ்ளோன்னு பாத்துத்தான் வரும், மொத்தத்த பாத்து இல்ல. முதல் நாள் 4 மணி நேரம் ஆடிட்டு மறுநாள் கிளம்பறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் சும்மா கார்ட சொருகி ஆடுனீங்கன்னா ஒரு நாள் கணக்கு ரெண்டு நாளா மாறி சராசரி ஏறக்குறைய பாதியாயிடும், அந்த 10 நிமிஷத்துக்கு கார்டு பாக்கெட்லயே இருக்கட்டும்.