வெட்டுவாய் சொல்லும் சேதி

தோட்டச் செடிகளின் நோய்களைப் பார்த்து ஆலோசனை சொல்வது என் தொழில். சில மாதங்களுக்கு முன் ஒருவர், நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டு வந்த ரோஜாக் கிளைகள் நான்கைந்தை எடுத்துவந்து, இதற்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டார். ஒவ்வொரு கிளையிலும் கருகல் தொடங்கிய இடம், சென்ற முறை கவாத்து செய்த வெட்டுவாயாகவே இருந்தது. கைலென்சை வைத்துப் பார்த்தபோது, பட்டை ஒரு பக்கம் நசுங்கியும், மறுபக்கம் நார்நாராகக் கிழிந்தும், நடுவே நீர் தங்கும் அளவுக்குப் பிளந்தும் இருந்தது. மருந்தைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று சொல்லி, வெட்டிய கத்தரியை எடுத்துவரச் சொன்னேன்.

மழுங்கிய கத்தரியை எதிர்பார்த்திருந்த எனக்கு வியப்புதான். விளிம்பு புதிதாகத் தீட்டப்பட்டுப் பளபளத்தது. ஆனால் இரண்டு அலகுகளுக்கும் இடையே ஒரு தாளை நுழைத்து மூடியதும், தாள் வெட்டுப்படாமல் மடிந்துகொண்டது. திருப்பிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தட்டையாக இருக்க வேண்டிய பின்பக்கத்தையும் அவர் சமையலறைக் கத்தியைப் போலச் சரிவாகத் தேய்த்திருந்தார். அதனால் அலகுகளுக்கு இடையே மெல்லிய இடைவெளி விழுந்து, கிளை அதற்குள் சிக்கி நசுங்கியிருக்கிறது. நுனிக்கருகலை உண்டாக்கும் பூஞ்சைகள் பெரும்பாலும் காயத்தின் வழியாகவே உள்ளே நுழைகின்றன. சீரான வெட்டுக்காயத்தைச் செடி விரைவில் மூடிக்கொள்ளும். நசுங்கிச் செத்த திசுவோ அந்தப் பூஞ்சைகளுக்கு விரித்துவைத்த பந்தி.

கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை உண்டு. கத்தரிக்கோலைப் போல அலகுகள் ஒன்றை ஒன்று உரசிக் கடந்து செல்வது பைபாஸ் வகை. கூரிய ஒற்றை அலகு தட்டையான ஓர் அடித்தட்டின் மேல் வந்து அமர்வது ஆன்வில் வகை. பின்னது காய்ந்த குச்சிகளுக்கு ஏற்றது. பச்சைக் கிளையை அது அடித்தட்டில் வைத்து நசுக்கிவிடும். ஒரே ஒரு கத்தரி வாங்குவதென்றால் பைபாஸ் வகையையே வாங்கச் சொல்வேன். அலகைக் கழற்றி மாட்ட முடிகிறதா, முழுவதும் விரித்த நிலையில் பிடி உங்கள் விரல்களுக்குள் அடங்குகிறதா என்பவற்றைப் பார்த்து வாங்குங்கள். பிடியின் நிறத்தை அல்ல. கரிம எஃகு அலகு எளிதில் துருப்பிடிக்கும், ஆனால் கூர்மை நிற்கும், தீட்டவும் எளிது. துருவேறா எஃகு இதற்கு நேர்மாறு என்று பொதுவாகச் சொல்லலாம். துடைத்து வைக்கும் பழக்கம் இருப்பவருக்குக் கரிம எஃகே மேல்.

ஏறத்தாழ 2 சென்டிமீட்டர் தடிமன் வரைதான் கைக்கத்தரியின் வேலை. அதற்கு மேல் நீண்ட பிடியுள்ள கத்தரி, அதற்கும் மேல் கவாத்து இரம்பம். வெட்டும்போது மெல்லிய அலகு செடியில் நிற்கப்போகும் பகுதியின் பக்கமும், தடித்த கொக்கி அலகு விழப்போகும் துண்டின் பக்கமும் இருக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் நசுங்கிய பட்டை செடியிலேயே தங்கிவிடும். வெட்டு விழாதபோது மணிக்கட்டை முறுக்கித் திருகுவது, அலகையும் கிளையையும் கையையும் ஒருசேரக் கெடுக்கும் பழக்கம்.

மண் கிளறும் சிறு கரணை, களைக்கொத்து ஆகியவற்றில் பார்க்க வேண்டியது கழுத்து ஒன்றைத்தான். இரும்பும் பிடியும் சேரும் அந்த இடத்தில் வெறும் தகடு மடித்து ஒட்டப்பட்டிருந்தால், இறுகிய மண்ணில் வளைந்துவிடும்.

இனித் தீட்டும் முறை. முதலில் சோப்புத் தண்ணீரும் இரும்பு நாரும் கொண்டு பிசினை முழுவதும் அகற்றுங்கள். அலகின் சரிந்த பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிவிட்டு, ஏற்கெனவே உள்ள சாய்வை (பெரும்பாலும் 20 முதல் 25 பாகை) மாற்றாமல், அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் வைர அரத்தால் இழுங்கள். மை எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே அரம் படவில்லை என்று பொருள். மை முழுவதும் போனதும், பின்பக்க விளிம்பில் விரல் நுனியைக் குறுக்காக மெல்ல ஓட்டினால் நூல் போன்ற பிசிர் தட்டுப்படும். அரத்தைப் பின்பக்கத்தின் மேல் முழுவதும் படியும்படி தட்டையாக வைத்து, ஓரிரு முறை தேய்த்தால் அது போய்விடும். பின்பக்கத்துக்கு அவ்வளவுதான் வேலை. அதன் பிறகும் தாள் மடிந்தால், நடு மரையைச் சற்று இறுக்கிப் பாருங்கள். அந்த ரோஜாக்காரருக்கு அலகையே மாற்ற வேண்டியதாயிற்று.

நோய்கண்ட செடியை வெட்டிய அலகை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும் முன் 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். இதற்கு மேல் செறிவானது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள். அது கிருமியைத் தாக்குவதற்குள் ஆவியாகிவிடும், மேலும் புரதத்தைச் சிதைப்பதற்குக் கொஞ்சம் நீரும் தேவை. பிளீச் கரைசல், 1 பங்குக்கு 9 பங்கு நீர் என்ற அளவில், கிருமியைக் கொல்லும்தான். ஆனால் இரும்பையும் அரிக்கும், ஆகவே உடனே கழுவித் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் புகையிலைத் தேமல் வைரசுக்கு ஆல்கஹாலை நம்ப முடியாது. கொழுப்பு நீக்கிய பால்பொடியின் 20 சதவீதக் கரைசலில் கையையும் கருவியையும் நனைத்துக்கொண்டு வேலை செய்தால் அது பரவுவது குறையும். பதப்படுத்திய புகையிலையிலும் அது உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதால், புகைப்பவர்கள் கை கழுவாமல் தக்காளி நாற்றைத் தொடக் கூடாது.

மண்வெட்டியின் காம்பு ஆடினால் தண்ணீரில் ஊறவைப்பது பரவலான வழக்கம். மரம் ஊதி அன்றைக்கு இறுகும். இரும்பு வளையத்துக்குள் நார்கள் நசுங்குவதால், உலர்ந்தபின் முன்னைவிட அதிகமாக ஆடும். ஆப்பு அடிப்பதே சரியான வழி. மரப்பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் நல்ல காப்பு. ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால், காயும்போது உண்டாகும் வெப்பத்தில் தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயவைத்த பிறகே எறியுங்கள்.

கருவி கையில் கிழித்தால், துரு இருந்ததா என்று பார்ப்பவர்களே அதிகம். டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருப்பது மண்ணிலும் எருவிலும். ஆகவே பளபளக்கும் புதுக் கத்தரியில் மண் ஒட்டியிருந்தாலும் ஆபத்து அதேதான். ஆழமான, மண் பட்ட காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு நன்றாகக் கழுவிவிட்டு, கடைசியாகத் தடுப்பூசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தாலோ, எப்போது போட்டோம் என்பதே நினைவில்லாவிட்டாலோ, தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.