வனிலா வெற்றிலைக் கொடி அல்ல

“தம்பி, இலையெல்லாம் மஞ்சளாப் போகுது. தினமும் ரெண்டு குடம் ஊத்துறேன், இன்னும் ஊத்தவா?”

திருவையாற்றிலிருந்து ஓர் அக்கா போனில் கேட்டார். நேரில் போய் அடியைக் கிளறினேன். வேர் பழுப்பாகி, இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

தோட்ட ஆலோசனைக்குப் போகிற டெல்டா வீடுகளில் வனிலா பெரும்பாலும் இப்படித்தான் சாகிறது. நாம் கொடிக்கால் ஊர்க்காரர்கள். கொடி என்றாலே வெற்றிலை, வெற்றிலை என்றாலே ஈரம். வனிலாவோ ஆர்க்கிட் குடும்பம், மெக்சிகோ காட்டில் மரத்தைப் பிடித்து ஏறியது. அதன் வேர் மேலாக, மக்கிய இலைக்குள் ஓடும். நம் களிமண்ணில் குழி தோண்டி நட்டால் ஐப்பசி மழைக்கு அது குளம்தான். பிறகு ஃபியூசேரியம் பூஞ்சை வந்து வேரை அழுகவைக்கும். அழுகிய வேரை மீட்க முடியாது. மேலே பச்சையாக இருக்கும் தண்டை வெட்டி, வேறு இடத்தில் நடலாம்.

ஆவணியில் நடுங்கள், அடைமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். தரையைவிட ஒரு முழம் உயர்த்திய மேடை அல்லது அடியில் ஓட்டை போட்ட டிரம் போதும். தேங்காய் மட்டைத் துண்டு, மக்கிய இலை, கொஞ்சம் மணல் நிரப்புங்கள். ஒரு மீட்டர் தண்டில் கீழ் இலைகளைக் கிள்ளி, இரண்டு மூன்று கணுவை மட்டும் படுக்கவைத்து மூடுங்கள். வெட்டிய முனை மண்ணுக்கு வெளியே இருக்கட்டும், உள்ளே போனால் அழுகும். ஏறுவதற்கு கிளைரிசிடியா மரம் நல்லது. பாதி நிழல் வேண்டும், அதனால் சித்திரையில் நிழல்வலை கட்டாயம். ஆள் உயரம் வந்ததும் கொடியை இறக்கிக் கட்டுங்கள். இதில் மட்டும் வெற்றிலைப் பழக்கம் கைகொடுக்கும்.

மார்கழியில் மழை ஓய்ந்ததும் தண்ணீரைக் குறைத்து, நுனியைக் கிள்ளுங்கள். மூன்றாம் வருஷம்போல் பூ வரும். அந்தப் பூ ஒரு காலைப்பொழுதுக்குத்தான், மதியம் வாடிவிடும். தேனீ வரும் என்று காத்திருக்காதீர்கள். 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த, கையால் மகரந்தம் சேர்க்கும் வழிதான் இன்றும் உலகம் முழுக்க. தென்னை ஈர்க்கைச் சீவி, மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் நடுவிலுள்ள சின்ன மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மெல்ல ஒற்றவேண்டும். மகரந்தம் சேர்ந்திருந்தால் பூ காம்பிலேயே தங்கும். இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். ஒரு கொத்துக்கு எட்டு, பத்துப் பூ போதும், எல்லாவற்றையும் காய்க்கவிட்டால் கொடி இளைத்துப்போகும்.

காய் முற்ற எட்டு, ஒன்பது மாதம். பறித்த காயில் மணமே இருக்காது. ‘கலப்படக் கொடி’ என்று ஒருவர் வேரோடு பிடுங்கியேவிட்டார்! மணம் வர, காயைச் சுமார் 65 டிகிரி வெந்நீரில் மூன்று நிமிடம் முக்கி, கம்பளியில் பொதிந்து வியர்க்கவைத்து, தினமும் கொஞ்ச நேரம் வெயில், அப்புறம் நிழலில் காயவைத்து, பெட்டியில் மாதக்கணக்கில் மூடவேண்டும். ஆறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோவாகச் சுருங்கும்.

சரி, விற்கலாமா? ‘கொடி வாங்குங்க, காயை நாங்களே எடுத்துக்குறோம்’ என்று வருபவர்களிடம் பணம் கொடுத்துவிடாதீர்கள். 2003 வாக்கில் ஏறிய விலை சீக்கிரமே சரிந்து, கொடியை வெட்டிப்போட்டவர்கள் ஏராளம். வீட்டுப் பாயசத்துக்கு என்றால் வளருங்கள்.

அக்காவின் இரண்டாவது கொடி இப்போது டிரம்மில் இருக்கிறது. குடத்தை மட்டும் அதன் பக்கத்திலிருந்து எடுத்துவைக்கச் சொன்னேன்.